ஏழு மணிக்குள்

நாலு மணிக்கு எழுந்து
பனிக்கலப்பை வண்டியில் ஏறுவேன்.
ஔலு நகரத்தில் அந்நேரம்
நானும் தெருவிளக்குகளும் மட்டும்தான் வேலையில்.
இந்த மாதம் சூரியனே
பத்து மணிக்குத்தான் வருகிறான்,
வந்த கையோடு கிளம்பியும் விடுகிறான்.

எனக்கிட்ட உத்தரவு சின்னது:
முதலில் சைக்கிள் பாதை,
கார்ச்சாலை கடைசி.
ஏழு மணிக்குள் பள்ளி வாசல்வரை
தரை தெரியாவிட்டாலும்
தட்டையாகவாவது இருக்கவேண்டும்.

ஏழரைக்கு வருவார்கள்.
முதலில் குதித்துக் குதித்துச் சின்ன விளக்குகள்.
பிறகு, சோளமாவு மூட்டையை மிதித்தாற்போல்
டயருக்கடியில் பனி கிறீச்சிடும் சத்தம்.
அப்புறம்தான் பிள்ளைகள்:
தைமி, ஓத்சோ,
பெயர் தெரியாத சிவப்புத் தொப்பி இரட்டையர்.
இமைமயிரில் உறைந்த மூச்சோடு
என்னைப் பார்த்து மணியடிப்பார்கள்.
மைனஸ் பத்தொன்பதில்
மணிக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

பதினாறாம் எண் வீட்டு ஆர்னி மட்டும்
காரில் போவான்.
எழுநூறு மீட்டர்.
சீட் சூடாவதற்குள் இறங்கவேண்டிய தூரம்.
பின்கண்ணாடியில் படிந்த ஆவியில்
தினமும் விரலால் வரைவான்
இரண்டு வட்டம், நடுவே ஒரு முக்கோணம்.
வளைவில் கார் திரும்பும்போது
சக்கரங்கள் உருகிக் கீழே ஓடும்.

இருட்டு, வழுக்கும், வண்டிகள் வேறு
என்பாள் அவன் அம்மா சோயிந்து.
பொய்யில்லை.
பள்ளி வாசலில் பின்வாங்கி முன்வாங்கி
முட்டிக்கொள்ளும் பதினோரு கார்களை
நானும் பார்த்திருக்கிறேன்.
பதினொன்றில் ஒன்று அவளுடையது.

ஜனவரியில் ஒரு விடிகாலை, முழங்கால் பனி.
என் கலப்பை
பதினாறாம் எண் வாசலுக்குக் குறுக்கே
இடுப்பளவு வரப்பு ஒன்றைப் போட்டுவிட்டது.
'போட்டுவிட்டது' என்றுதான்
அறிக்கையில் எழுதினேன்.
கலப்பை தானாகத் திரும்பாது என்பது
எனக்கும் தெரியும்,
மேற்பார்வையாளர் லாம்சாவுக்கும் தெரியும்.

மண்வாரியோடு வந்தாள் சோயிந்து.
பத்து நிமிடம் வெட்டினாள்.
மணி ஏழு நாற்பது.
பையன் வரப்பின்மேல் ஏறினான்.
ஒரு கணம் நின்றான்.
அந்தப் பக்கம் இறங்கிவிட்டான்.
அப்போது பார்த்துத் தைமி வந்தாள்,
சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டு
அவனோடு நடந்தாள்.
என்ன பேசினார்களோ,
என் எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.
மண்வாரியைக் கீழே வைக்கவும் மறந்து
இருபதடி பின்னால்
அம்மா போய்க்கொண்டிருந்தாள்.

மதியம் புகார் வந்தது.
நியாயமான புகார்.
லாம்சா கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுத் திட்டினார்.
இப்போதெல்லாம் அந்தத் தெருவிலேயே
பதினாறாம் எண் வாசல்தான் படுசுத்தம்.
கார் தாராளமாக வெளியே வரலாம்.

வருகிறது, சில நாள்.
அன்று நானும் ஒன்றும் சொல்வதில்லை,
குளிர் அப்படி.

மற்ற நாட்களில்,
எட்டு மணிக்கு நான் திரும்பி வரும்போது
சீவிவிட்ட பாதையில் இரண்டு நீளக் கோடுகள்.
நாற்காலி வைத்த சறுக்குவண்டி.
பின்னாலிருந்து உதைத்து ஓட்டிய
பெரிய காலடிகள் விட்டுவிட்டுத் தெரியும்.
பாதிவழியில், மஞ்சள் தபால்பெட்டி அருகே
அவன் இறங்கியிருக்கிறான்.
அங்கிருந்து சின்னக் காலடிகள்
கோட்டுக்குள் ஒன்று, கோட்டைத் தாண்டி ரெண்டு,
இரட்டைக்கோடு நோட்டில்
முதன்முதலாய் எழுதிப் பார்க்கும் கைபோல.

அவர்கள் கொட்டகையில் ஒரு சைக்கிள் நிற்கிறது,
கம்பிகளில் சுற்றிய அட்டை
இன்னும் பிரிக்காமல்.
நான் கேட்கவில்லை, கண்ணில் பட்டது.

மறுநாள் விடிகாலை
அந்தக் காலடிகளின்மேல் கலப்பையை இறக்க
மனம் வராமல் கொஞ்சம் நிற்பேன்.
பிறகு இறக்குவேன்.
ஏழரைக்கு வருவான்,
எழுதப் பக்கம் வேண்டுமே.